கிருமியால வந்த ரத்தக்கட்டி: ஆன்டிபயாட்டிக் மட்டும் போதுமா, பிளட் தின்னரும் சேர்க்கணுமா?

கால்ல ரத்தக்கட்டி வந்தா என்ன பண்ணணும்ங்கறதுல பெருசா குழப்பம் கிடையாது, ரத்தம் உறையாம பாத்துக்கற மருந்து, அதான் பிளட் தின்னர், சுருக்கமா தின்னர், அத குடுப்பாங்க, பெரும்பாலும் மூணு மாசமாவது ஓடும், அவ்வளவுதான். ஆனா அந்தக் கட்டி உருவானதே ஒரு கிருமியாலன்னா, கட்டிக்குள்ளயே அது உக்காந்து பெருகிட்டு இருக்குன்னா, கதை வேற. அப்போ முதல் மருந்து ஆன்டிபயாட்டிக், அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. கூட தின்னர் சேர்க்கணுமா வேண்டாமாங்கறது ரெண்டாவது கேள்வி, அதுக்குத்தான் ஒரே ஆஸ்பத்திரியில ரெண்டு டாக்டர் ரெண்டு பதில் சொல்வாங்க. இ.என்.டி. டாக்டர் வேண்டாம்பாரு, ரத்தவியல் டாக்டர் போடலாம்பாரு, ஐசியு வாசல்ல நிக்கற வீட்டு ஆளுங்க யாரு சொல்றத எடுத்துக்கறதுனு தெரியாம முழிப்பாங்க. ரெண்டு பேரும் தப்பா பேசல. இந்த நோயெல்லாம் அவ்வளவு அபூர்வம், பெரிய ட்ரையல் ஒண்ணு நடத்தலாம்னா அதுக்கு நோயாளிங்களே தேற மாட்டாங்க, அதனால ஒவ்வொரு டாக்டரும் தான் பாத்த நாலஞ்சு கேஸ், படிச்ச பேப்பர் இத வெச்சுத்தான் பேசறாங்க.

என்னைக் கேட்டா, தின்னர் நல்லதா கெட்டதானு பொதுவா கேட்டா பதிலே வராது. கட்டி எந்த ரத்தக்குழாய்ல இருக்கு, அது முழுசா அடைச்சா எந்த உறுப்பு போகும், அந்த இடத்துல ரத்தம் கசிஞ்சா என்ன ஆகும், இந்த மூணையும் ஒண்ணா வெச்சுக் கேட்டா பல கேஸ்ல பதில் தானா ஒரு பக்கம் சாஞ்சிரும். கீழ ஒவ்வொரு இடமா அப்படித்தான் பாக்கப் போறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். தின்னர் கட்டிய கரைக்காது, நிறைய பேரு கரைக்கும்னு நினைச்சுட்டு இருக்காங்க. அது செய்யறது ஒண்ணுதான், கட்டி மேல மேல வளராம தடுக்கறது. கரைக்கற வேலைய உடம்பே மெதுவா பண்ணிக்கும். அப்புறம் கிருமி ஏன் கட்டி உண்டாக்குதுன்னா, உடம்பு கிருமிய ஒரு இடத்துல மடக்கறதுக்காக ரத்தத்த உறைய வெக்குது, இது நமக்கு இயற்கையாவே இருக்கற ஒரு தற்காப்பு. ஆனா சில கிருமிங்க அதையே தனக்கு சாதகமா மாத்திக்குதுங்க. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்ங்கற கிருமி கோயாகுலேஸ்னு ஒரு பொருளை வெளியவிட்டு நம்ம ரத்தத்துல உறையறதுக்குன்னு இருக்கற புரோத்ராம்பின்ங்கற புரதத்தையே பிடிச்சு ஃபைப்ரின் நார் வலை பின்ன வெக்குது, ஃபியூசோபாக்டீரியம்னு இன்னொரு கிருமி ரத்தம் உறைய உதவற பிளேட்லெட் அணுக்கள எல்லாம் ஒண்ணா ஒட்ட வெக்குது. வலைக்குள்ள போயிட்டா வெள்ளை அணுக்களால சுலபமா நெருங்க முடியாது, மருந்தும் உள்ள ஊறி எறங்க நாளாகும். சாதாரண காய்ச்சலுக்கு அஞ்சு நாள் மாத்திரை, இதுக்கு மட்டும் நாலு வாரம் ஆறு வாரம் ஊசி போடறாங்கன்னா காரணம் இதுதான்.

கையில இருக்கற வழி மூணு. ஆன்டிபயாட்டிக்கும், கிருமி கிளம்பின இடத்த சுத்தம் பண்றதும் மட்டும். இல்ல அதோட தின்னர். இல்ல ஆபரேஷன் பண்ணி அந்தக் குழாயையே கட்டறது, வெட்டி எடுக்கறது. மூணாவது இப்போ ரொம்ப அபூர்வம், ஆன்டிபயாட்டிக் வர்றதுக்கு முன்னாடி இருந்த காலத்துல அதுதான் பெரிய வைத்தியமா இருந்துச்சு. இப்போ எவ்வளவு மருந்து போட்டும் காய்ச்சல் எறங்கல, புதுசு புதுசா நுரையீரல்ல சீழ்க்கட்டி முளைக்குது, வேற வழியே இல்லன்னாத்தான் அதுல கை வைப்பாங்க. அதுக்காக ஆபரேஷன்னாலே பயந்து ஓடவும் கூடாது, சீழ் கட்டியிருந்தா அத வெளிய எடுக்கறது முதல் வழியிலயே சேர்த்தி, சீழ உள்ள வெச்சுக்கிட்டு எந்த ஆன்டிபயாட்டிக் போட்டாலும் வீண்.

இனி கழுத்து. தொண்டைக் கிருமியால கழுத்து சிரையில கட்டி வர்றது, லெமியேர் சிண்ட்ரோம்னு பேரு. ஃபிரான்ஸ்ல ஆந்த்ரே லெமியேர்னு ஒரு டாக்டர் 1936ல லான்செட்ல 20 பேரோட கதைய எழுதினார், அதுல 18 பேர் இறந்துட்டாங்க. பெனிசிலின் வந்தப்புறம் இந்த நோய் கிட்டத்தட்ட காணாமப் போச்சு, டாக்டர்களே இத மறந்துபோன வியாதினு சொல்ற அளவுக்கு. சமீப வருஷங்கள்ல மறுபடி கொஞ்சம் கூடுதலா தெரியுது. டென்மார்க்ல கணக்கெடுத்தப்ப வருஷத்துக்கு 10 லட்சம் பேர்ல 3 முதல் 4 பேருக்கு வந்திருக்கு, இளவட்டத்துல மட்டும் பாத்தா 14 வரைக்கும் போகுது. வர்றது பெரும்பாலும் காலேஜ் வயசுப் பசங்களுக்கு, அதுவும் நல்லா ஆரோக்கியமா இருந்தவங்களுக்கு.

எப்படி ஆரம்பிக்கும்னா சாதாரண தொண்டை வலி. ரெண்டு மூணு நாள்ல தேவலனு ஆகும், இல்ல ஆன மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு வாரத்துக்குள்ள திடீர்னு உடம்ப தூக்கிப் போடற குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், கழுத்துல ஒரே ஒரு பக்கம் மட்டும் வலி. தலைய திருப்பினா காதுக்குக் கீழ இருந்து காறை எலும்பு வரைக்கும் ஒரு தசை புடைச்சுத் தெரியும்ல, அதோட முன் ஓரமா தொட்டா துடிப்பாங்க. அதுக்கப்புறம் நெஞ்சுல குத்தல், மூச்சு வாங்கல், ஏன்னா கழுத்து உள் ஜுகுலர் சிரையில இருக்கற கட்டி துணுக்கு துணுக்கா பிஞ்சு நுரையீரல்ல போய் அங்கங்க சீழ் வெக்குது. கிருமி ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம், காத்து இல்லாத இடத்துலதான் வளரும். தொண்டை வலினு போனா சில இடத்துல முதல்லயே அசித்ரோமைசின் எழுதிக் குடுத்துடறாங்க, அந்த வகை மருந்துக்கு இந்தக் கிருமி மசியவே மசியாது. மாத்திரை போட்டும் ஏன் கேக்கல, வைரலா இருக்கும்னு விட்டுட்டு இன்னும் நாலு நாள் ஓட்டிடுவாங்க, அங்கதான் நேரம் போகுது. பெனிசிலின் வகையோட மெட்ரோனிடசோல், இல்ல பைப்பராசிலின் டாசோபாக்டம், இல்ல கார்பபெனம், இதெல்லாம்தான் வேலைக்காகும். கிருமிய வளத்துப் பாக்கற கல்ச்சர் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்கறப்ப ஆக்சிஜன் இல்லாத பாட்டில்லயும் நிரப்பணும், அது வளர்ந்து ரிசல்ட் வர நாலஞ்சு நாள், சில நேரம் ஒரு வாரம்கூட ஆகும், அதுவரைக்கும் காத்திருக்காம மருந்து ஆரம்பிச்சிடுவாங்க.

ஸ்கேன்லயும் ஒரு தேர்வு இருக்கு. டாப்ளர்ங்கற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் படுக்கையிலயே பண்ணலாம், கதிர்வீச்சு கிடையாது, ஆனா தாடை எலும்புக்கு மேலயும் காறை எலும்புக்குக் கீழயும் அதுக்குக் கண்ணு தெரியாது, புதுசா உறைஞ்ச கட்டிய தவற விடவும் வாய்ப்பு இருக்கு. டாப்ளர்ல ஒண்ணுமில்லன்னு வந்து சந்தேகம் மட்டும் பலமா இருந்தா கான்ட்ராஸ்ட் மருந்து, அதாவது குழாய் தெளிவா தெரியறதுக்கான ஊசி, போட்ட சிடி எடுத்தே ஆகணும், இதுல நான் ரெண்டாவது கருத்துக்கு எடம் குடுக்க மாட்டேன். கழுத்தோட நெஞ்சையும் சேத்து எடுத்துட்டா நுரையீரல் நிலவரமும் ஒரே தடவையில தெரிஞ்சுரும்.

சரி, கழுத்துக்கு தின்னர் வேணுமா. வேண்டாம்ங்கறவங்க வாதம் என்னன்னா, கிருமி செத்தா கட்டி வளர்றது நின்னுரும், நுரையீரலுக்குப் போறது எல்லாம் பொடிப்பொடி துணுக்கு, காலு கட்டி மாதிரி ஒரே அடைப்பா போய் ஆள சாய்க்கறது அபூர்வம், ஒரு பக்க ஜுகுலர் அடைஞ்சாலும் மறு பக்கம் வேலைய பாத்துக்கும், இன்ஃபெக்ஷன் உடம்பு முழுக்க பாதிக்கற செப்சிஸ்ல பிளேட்லெட் வேற தரைமட்டத்துக்கு எறங்கியிருக்கும், அந்த நேரத்துல தின்னர் போட்டு சீழ்க்கட்டிக்குள்ள ரத்தம் கசிஞ்சா வம்பு. வேணும்ங்கறவங்க வாதம், கட்டி மேல ஏறி மூளையோட பெரிய சிரைங்களான சைனஸுக்குள்ள போயிட்டா அப்புறம் பேச்சே வேற, அது நடக்கறதுக்கு முன்னாடியே தடுக்கலாமே. பழைய கேஸ் ரிப்போர்ட்ட எல்லாம் அள்ளி ஒண்ணா சேத்துப் பாத்த ஆராய்ச்சிங்களும் ஒத்துப்போகல. தின்னர் போட்டவங்களும் போடாதவங்களும் இறப்புலயோ குழாய் திறந்துக்கறதுலயோ பெருசா வித்தியாசப்படலைனு ஒண்ணு சொல்லுது, போட்டவங்களுக்கு புது கட்டியும் புது சீழும் குறைவா வந்துச்சுனு இன்னொண்ணு சொல்லுது. ரெண்டுமே குலுக்கல் முறையில பிரிச்சுப் பண்ண ட்ரையல் இல்ல, யாருக்கு போடலாம்னு டாக்டர் முன்னாடியே மனசுல முடிவு பண்ணிப் போட்டது, அதனால அதுல இருந்து ஒரு அளவுக்கு மேல எதையும் பிழிஞ்சு எடுக்க முடியாது.

என் பார்வையில கழுத்துல ஒரு பக்கம் மட்டும் கட்டி, ஆன்டிபயாட்டிக் போட்டு ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் எறங்குது, அடுத்த ஸ்கேன்ல கட்டி வளரலன்னா தின்னர் இல்லாமலே போகலாம். கட்டி மேல மண்டைக்குள்ள ஏறுது, ரெண்டு பக்கமும் இருக்கு, மூணு நாள் தாண்டியும் கல்ச்சர்ல கிருமி வருது, இல்ல வீட்டுலயே ரத்தம் உறையற வியாதி இருக்குன்னா அப்போ சேர்க்கற பக்கம்தான் கனம் கூடுது. பிளேட்லெட் ஐம்பதாயிரத்துக்குக் கீழ இருந்தா இந்தப் பட்டியல்ல இருக்கறவங்களுக்கே அவசரப்பட மாட்டாங்க, ஏறட்டும்னு பாப்பாங்க இல்ல டோஸ குறைப்பாங்க.

வயித்துக்குப் போனா முடிவு மாறிடும். குடல்ல இருந்து ஈரலுக்குப் போற போர்ட்டல் சிரையில கிருமியோட கட்டி, பைலிஃபிளபைட்டிஸ்னு சொல்வாங்க. குடல்வால் வீக்கம், பெருங்குடல் சுவத்துல இருக்கற சின்னப் பைங்க வீங்கற டைவர்ட்டிகுலைட்டிஸ் மாதிரி எதையோ ஒண்ண விட்டுவெச்சதுல வரும், ஒரே கிருமி இருக்காது, ஈ.கோலி, பாக்டீராய்ட்ஸ்னு கூட்டமா இருக்கும். காய்ச்சல், வயித்து வலி, ஈரல் டெஸ்ட்ல கொஞ்சம் ஏத்தம், இவ்வளவுதான் அடையாளம், மஞ்சக்காமாலைகூட எல்லாருக்கும் வராது, அதனால சிடி எடுக்கற வரைக்கும் யாரும் இத நினைக்கறதில்ல. இங்க ஏன் தின்னர் பக்கம் சாயறேன்னா, கட்டி பின்னாடி வளந்து குடலோட மெசென்டரிக் சிரைய அடைச்சா குடல் அழுகிப்போகும், அது உயிர் பிரச்சனை. அதுல தப்பிச்சாலும் போர்ட்டல் சிரை திறக்காமலே இருந்துட்டா பின்னாடி வருஷக்கணக்கா போர்ட்டல் பிரஷர் கூடி உணவுக்குழாய்ல ரத்தக்குழாய் புடைச்சு ரத்த வாந்தி வரைக்கும் போகலாம். கழுத்து மாதிரி மறு பக்கம் பாத்துக்கும்னு சொல்ல இங்க இன்னொரு குழாய் கிடையாது. இங்கயும் ட்ரையல் இல்ல, ஆனா தின்னர் போட்டவங்களுக்கு குழாய் திறக்கறது அதிகம்னு நோயாளிகளோட பழைய ரெக்கார்டுகள் ஒரே திசையிலதான் காட்டுது. ஈரல்ல சீழ்க்கட்டி இருந்து அதுக்கு ட்யூப் போடணும்னா மட்டும் முன்னபின்ன நேரம் பாத்து ஆரம்பிப்பாங்க.

பிரசவத்துக்கு அப்புறம் வர்றது இன்னொண்ணு, இடுப்புக்குள்ள இருக்கற சிரைங்கள்ல, முக்கியமா வலது பக்க சினைப்பை சிரையில. ஏறக்குறைய 3000 பிரசவத்துக்கு ஒண்ணு, சிசேரியன்ல அதிகம். தாய்க்கு காய்ச்சல் விடாது, ஆன்டிபயாட்டிக் போட்டும் மூணு நாள் அஞ்சு நாள்னு சாயங்காலமானா ஏறும், ஆனா ஆளப் பாத்தா அந்தக் காய்ச்சலுக்குத் தகுந்த சோர்வு இருக்காது, காய்ச்சல் இல்லாத நேரம் எழுந்து உக்காந்து குழந்தைக்குப் பால் குடுத்துட்டு இருப்பாங்க. ரொம்ப காலமா இதுக்கு ஹெப்பாரின்ங்கற தின்னர் ஊசி போட்டுப் பாக்கறது பழக்கம், ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் எறங்கினா அப்போ இதுதான் வியாதினு உறுதி பண்ணிக்குவாங்க. இந்த மொத்த விஷயத்துலயும் குலுக்கல் முறையில பிரிச்சு ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒண்ணு உண்டுன்னா அது இதுலதான், 1999ல அமெரிக்காவுல, வெறும் 14 பெண்கள வெச்சு. ஹெப்பாரின் சேர்த்தவங்களுக்கும் சேர்க்காதவங்களுக்கும் காய்ச்சல் விட்ட நாள் கிட்டத்தட்ட ஒண்ணுதான். 14 பேரு ரொம்ப கம்மி, அத வெச்சு பழக்கத்த முழுசா தூக்கிப் போட முடியாது, ஆனா ஹெப்பாரின் போட்டு காய்ச்சல் எறங்கிச்சு அதனால கட்டிதான்னு சொல்றது எவ்வளவு ஆட்டங்கண்ட வாதம்னு அது காட்டிடுச்சு. ஸ்கேன்ல கட்டி கண்ணுக்குத் தெரியுது, அதுவும் இதயத்துக்குப் போற கீழ்ப் பெருஞ்சிரை வரைக்கும் நீட்டிக்கிட்டு நிக்குதுன்னா தின்னர் போடறதுல எனக்குத் தயக்கம் இல்ல. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லாம வெறும் காய்ச்சலுக்காக மட்டும் மாசக்கணக்குல போடறதுலதான் தயக்கம். தாய்ப்பால் குடுக்கறவங்கன்னா ஹெப்பாரின் ஊசியும் வார்ஃபரின்ங்கற பழைய தின்னர் மாத்திரையும் ஒத்துப்போகும், புது வகை மாத்திரைங்க பொதுவா தவிர்ப்பாங்க.

முகத்துக்கு வருவோம், இதுதான் இருக்கறதுலயே பயங்கரமானது. மூக்கு ஓரம், மேல் உதட்டுப் பக்கம் பருவ கிள்ளி அது பழுத்து, இல்ல மூக்குக்குப் பின்னாடி இருக்கற காத்து அறையான சைனஸ்ல இன்ஃபெக்ஷன் வந்து, கண்ணுக்குப் பின்னாடி இருக்கற கேவர்னஸ் சைனஸ்ங்கற சிரையில கட்டி உண்டாகும். பத்துல ஏழு கேஸ்ல ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்தான். முதல்ல ஒரு கண்ணு இமை வீங்கி கண்ணு முன்னாடி தள்ளும், வெளிப்பக்கமா பாக்க முடியாது, அப்புறம் ஒண்ணு ரெண்டு நாள்ல நல்லா இருந்த மறு கண்ணும் வீங்க ஆரம்பிக்கும், ஏன்னா ரெண்டு பக்கத்து சைனஸும் நடுவுல ஒண்ணோட ஒண்ணு சேந்திருக்கு. ரெண்டாவது கண்ணு வீங்கினா அது சாதாரண கண் வீக்கம் இல்லைனு உடனே ஐசியு வசதி இருக்கற இடத்துக்குப் போயாகணும். அந்தக் காலத்துல பிழைச்சவங்களே இல்லன்னு சொல்லலாம், இப்பவும் நாலஞ்சு பேர்ல ஒருத்தர் போயிடறாங்க. இங்க ரெண்டு பக்க ஆபத்தும் மண்டைக்குள்ளயே இருக்கு, தின்னர் போடலன்னா கட்டி பரவி மூளை பாதிக்கும், போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். பழைய ரெக்கார்டுகள்ல ஆரம்பத்துலயே ஹெப்பாரின் போட்டவங்க நிலைமை கொஞ்சம் பரவால்லைனு தெரியுது, அதனால எம்ஆர்ஐல மூளைக்குள்ள ரத்தக்கசிவு இல்லன்னு பாத்துட்டு ஆரம்பிக்கறத நிறைய பேர் ஏத்துக்கறாங்க. இதே இடத்துல கறுப்புப் பூஞ்சைனு சொல்ற மியூகர் வந்திருந்தா அந்தக் கணக்கு இங்க செல்லாது, அது குழாயோட சுவத்தையே தின்னுக்கிட்டு போறது, செத்த சதைய வெட்டி எடுக்கறதும் ஆம்ஃபோடெரிசின்ங்கற பூஞ்சை மருந்தும்தான் அங்க முதல் வேலை.

குழந்தைங்களுக்கு எலும்புல சீழ் வந்து பக்கத்துல இருக்கற தொடை சிரை அடையறது உண்டு. கீழ விழுந்துட்டான்னு நினைச்சு நொண்டறத ரெண்டு நாள் விட்டிருப்பாங்க, அப்புறம் காய்ச்சல், தொடை முழுக்க வீக்கம். எம்ஆர்எஸ்ஏ மாதிரி வழக்கமான மருந்துக்கு மசியாத முரட்டு ஸ்டஃப் கிருமியில இது அதிகம். எலும்பு சீழ எடுக்கணும், ஆன்டிபயாட்டிக் போடணும், பொதுவா தின்னரும் போடறாங்க, காரணம் இது நிஜமாவே காலோட பெரிய சிரை, கட்டி பிஞ்சா நேரா நுரையீரலுக்குப் போகும். ஆபரேஷன் முன்ன பின்ன இருக்கறதால டோஸ நிறுத்தி நிறுத்திப் போடுவாங்க.

சென்ட்ரல் லைன், டயாலிசிஸ் கத்தீட்டர்னு பெரிய சிரையில சொருகற ட்யூப்பால வர்ற கட்டிக்கு அதிகம் பேச வேண்டியதில்ல, கத்தீட்டர உருவணும். அத உள்ளயே வெச்சுக்கிட்டு மருந்த மாத்தி மாத்திப் போடறதுல அர்த்தம் இல்ல.

இப்போ தின்னர் போடறதுனு முடிவாச்சுனா எந்தத் தின்னர். இந்த இடத்துல கிருமியோட மருந்தும் தின்னரும் ஒண்ணுக்கொண்ணு இடிச்சுக்கும், மத்த ரத்தக்கட்டிக்கு எழுதற மாதிரி கண்ண மூடிக்கிட்டு எழுத முடியாது.

முதல் சில நாளுக்கு என் ஓட்டு ஹெப்பாரினுக்குத்தான். டிரிப்ல ஓடற சாதா ஹெப்பாரின நிறுத்தினா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல பாதி வேகம் போயிரும், திடீர்னு சீழ் எடுக்க தியேட்டருக்குக் கொண்டு போகணும்னாலும் புரோட்டமின்னு மாத்து மருந்து இருக்கு, கிட்னி படுத்திருந்தாலும் குடுக்கலாம். கஷ்டம் என்னன்னா அடிக்கடி ரத்தம் எடுத்து உறையற நேரத்தக் காட்டற ஏபிடிடி டெஸ்ட் பாக்கணும். ஆள் ஓரளவு நிலைச்சதும் தோலுக்கு அடியில போடற எனாக்ஸபாரின் வசதி, காலை ராத்திரி ஊசி, டெஸ்ட் தொல்லை கம்மி, ஆனா கிட்னி சரியில்லன்னா உடம்புல தேங்கும். ரெண்டுலயும் அஞ்சாவது நாளுக்கு மேல பிளேட்லெட்ட கவனிக்கணும், ஹெப்பாரினே பிளேட்லெட்ட குறைச்சு புதுசா கட்டி போட வெக்கற ஒரு எதிர்வினை உண்டு, செப்சிஸால குறைஞ்சதுனு அத கோட்டை விட்டுடுவாங்க.

வார்ஃபரின் பழசு, விலை கம்மி, ஆனா இந்த நோய்ல அதப் போல தலைவலி வேற இல்ல. கழுத்துக்கு மெட்ரோனிடசோல் போடறாங்கன்னு மேல பாத்தோம்ல, வயித்துக்கும் போடுவாங்க, அது வார்ஃபரின் உடம்புல சிதையறத தடுத்துடும், ரத்தம் எவ்வளவு மெதுவா உறையுதுனு காட்டற, ரெண்டுல இருந்து மூணுக்குள்ள இருக்க வேண்டிய ஐஎன்ஆர் அளவு கிடுகிடுனு ஏறும், பல்லு தேய்க்கறப்ப ஈறுல ரத்தம், தொடையில காரணமில்லாம கன்னிப்போன தடம்னு தெரிய ஆரம்பிக்கும். சாப்பாடு எறங்காம படுத்திருக்கறவங்களுக்கு விட்டமின் கே வேற குறைவு, அதுவும் சேந்து ஏத்தும். அப்புறம் ஒரு நாள் மெட்ரோனிடசோல நிறுத்துவாங்க, டோஸ மாத்த மறந்துட்டா ஐஎன்ஆர் படுத்துரும். வார்ஃபரின்தான்னா ஆன்டிபயாட்டிக் சேர்க்கறப்பவும் சரி நிறுத்தறப்பவும் சரி அந்த வாரமே டெஸ்ட் எடுக்கணும்.

ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் மாதிரி புது மாத்திரைங்கள்ல இந்த ஐஎன்ஆர் கூத்து கிடையாது. வீட்டுக்கு அனுப்பறப்ப மாத்திக்க வசதி, ரிவரோக்ஸபான் மட்டும் ரத்தக்கட்டிக்குப் போடற டோஸ்ல சாப்பாட்டோட போடணும் இல்லன்னா சரியா உள்ள எறங்காது. குழந்தைங்களுக்கும் 2021ல இருந்து ரிவரோக்ஸபானும் டாபிகட்ரானும் அமெரிக்காவுல அனுமதி ஆகியிருக்கு. கிருமி கட்டிக்குனு தனியா பெரிய ஆராய்ச்சி கிடையாது, சின்ன சின்ன ரிப்போர்ட்ல நல்லாத்தான் தெரியுது, வயிறும் ஈரலும் சரியா வேலை செய்யற ஆளுக்கு ஊசி காலம் முடிஞ்சப்புறம் நான் இதத்தான் முதல்ல யோசிப்பேன். ஈரல் ரொம்ப பாதிச்சிருந்தாலோ, ஆன்டிஃபாஸ்ஃபோலிப்பிட்னு சொல்ற உறைவு நோய் இருந்தாலோ இது வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு, அது ரிஃபாம்பிசின். மாட்டுப் பால காய்ச்சாம குடிக்கறவங்க, கால்நடையோட புழங்கறவங்களுக்கு வர்ற புரூசெல்லாவுல அபூர்வமா காலு சிரை அடையறது பதிவாகியிருக்கு, டிபியிலயும் ரத்தக்கட்டி வர்ற வாய்ப்பு கூடும். ரெண்டுக்கும் ரிஃபாம்பிசின் குடுப்பாங்க, அது ஈரலோட வேகத்த முடுக்கிவிட்டு வார்ஃபரினையும் இந்தப் புது மாத்திரைங்களையும் சீக்கிரமா வெளிய தள்ளிரும். நோயாளி ஒழுங்கா மாத்திரை போட்டுட்டுத்தான் இருப்பாரு, உள்ள ஒண்ணும் வேலை செய்யாது, புது மாத்திரையில அத கண்டுபிடிக்க சாதாரண டெஸ்ட்டும் கிடையாது. அப்போ எனாக்ஸபாரின் ஊசியே நீட்டிக்கறது மேல், இல்ல புரூசெல்லான்னா ரிஃபாம்பிசின் இல்லாத வேற கூட்டு மருந்து முடியுமானு கேக்கலாம். டிபியில அத தூக்கிட முடியாது, அங்க வார்ஃபரின்னா பல மடங்கு டோஸ் ஏத்தி அடிக்கடி டெஸ்ட் பண்ணித்தான் ஓட்டணும், ரிஃபாம்பிசின் நிறுத்தினப்புறம் அந்த டோஸ மறுபடி எறக்கணும், அந்த எறக்கத்துல கோட்டை விட்டா ரத்தப்போக்குதான்.

எவ்வளவு நாள்ங்கறதுல, ஆன்டிபயாட்டிக் பொதுவா மூணுல இருந்து ஆறு வாரம், நாள் கணக்கு முதல் ஊசி போட்ட நாள்ல இருந்து இல்ல, கல்ச்சர் சுத்தமா வந்த நாள்ல இருந்து எண்ணறது வழக்கம். தின்னர் ஆறு வாரத்துல இருந்து மூணு மாசம். காலு கட்டி காரணம் தெரியாம வந்தா வருஷக்கணக்குல மாத்திரை போடச் சொல்வாங்க, இங்க காரணம் கையில இருக்கு, கிருமி போனா காரணமும் போச்சு, அதனால வாழ்நாள் முழுக்கனு யாராவது சொன்னா ஏன்னு கேட்டே ஆகணும். மூணு மாசத்துல ஒரு ஸ்கேன் எடுப்பாங்க. அதுல கழுத்து சிரை திறக்காமலே சுருங்கிப் போயிருந்தா, காய்ச்சல் இல்ல, உடம்புல அழற்சி இருக்கானு காட்டற சிஆர்பி டெஸ்ட் நார்மல்னா தின்னர நிறுத்திடலாம், அந்தக் குழாய் திறந்தே ஆகணும்னு மருந்த இழுக்க வேண்டியதில்ல. போர்ட்டல் சிரை திறக்கலன்னா மட்டும் அப்படி நிறுத்திட்டு மறந்துட முடியாது, குடல் ஈரல் டாக்டர்கிட்ட காட்டி எண்டோஸ்கோப்பி பண்ணி உணவுக்குழாய்ல புடைப்பு இருக்கானு பாத்துட்டுத்தான் மேல என்னனு பேசணும்.